ஏழு கோயில் பட்டியலும் அம்மாவின் மூன்று கோயில்களும்

போன வாரம் ஒரு வாசகியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாளாம். மார்ச் கடைசியில் கணவரோடு அங்கே போகப்போகிறாராம். 'ஒசாகாவில் தங்குகிறோம். பழைய கோயில்களைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எனக்கு முட்டிவலி, அவருக்குச் சர்க்கரை. ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை கோயில் பார்க்கலாம்?' என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"மூணு. அதுக்கு மேல போகாதேன்னு எழுது. மூணே ஜாஸ்தின்னா ரெண்டு போதும்னு எழுது."

அம்மாவுக்கு இந்த மூன்று எப்படித் தெரியும் என்று சொன்னால்தான் பதில் முழுதாகும். அதனால் இந்த வாரம் அந்தக் கதை.

தம்பியின் எக்செல்

2019 நவம்பர். தம்பி அப்போது ஒசாகாவில் இருந்தான். நானும் அம்மாவும் பத்து நாள் போயிருந்தோம். அம்மாவுக்கு 68 வயது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் குளுக்கோமா என்று கண்டுபிடித்திருந்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் நோய். அம்மாவுக்கு நடுவில் இருப்பது தெரியும். ஓரங்கள் தெரியாது. "குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்கு" என்பாள். போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் தம்பிக்கு ஒரே பதற்றம். "பார்வை இருக்கும்போதே அம்மாவுக்கு எல்லாத்தையும் காட்டிடணும்க்கா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். உட்கார்ந்து எக்செல்லில் பட்டியல் போட்டான். ஊர் நாரா. ஒரு நாளில் கோஃபுகுஜி, தோதாய்ஜி, கசுகா தைஷா, ஷின்-யாகுஷிஜி, யாகுஷிஜி, தோஷோதாய்ஜி, ஹோர்யூஜி. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம். சாப்பாட்டுக்கு 20 நிமிடம்.

நாராவைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரம் அதுதான். கியோத்தோவைவிட மூத்தது. ஒசாகா நம்பா ஸ்டேஷனில் கிந்தெட்சு ரயில் ஏறினால் நாற்பது நிமிடம். இறங்கி இருபது நிமிடம் நடந்தால் பெரிய புத்தர் கோயில். ஒரு நாளில் போய்த் திரும்ப இதைவிட வசதியான பழைய ஊர் ஜப்பானில் குறைவு.

முந்தானையும் மானும்

எட்டரைக்கு நாராவில் இறங்கினோம். கோஃபுகுஜியின் ஐந்தடுக்குக் கோபுரத்தை வெளியே நின்றபடியே பார்த்தோம். சுமார் 50 மீட்டர் உயரம், முழுக்க மரம். (இப்போது போகிறவர்களுக்கு: அந்தக் கோபுரத்தில் பெரிய பழுதுபார்ப்பு நடக்கிறது. சுற்றிலும் சாரம் கட்டி மறைத்திருக்கிறார்கள். பல வருட வேலை.) "ஒண்ணு முடிஞ்சுது" என்று தம்பி போனில் டிக் அடித்தான்.

அங்கிருந்து பூங்கா வழியாக நடந்தால் எங்கு பார்த்தாலும் மான்கள். ஆயிரத்துக்கும் மேல். கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி வந்ததாக ஐதிகம். அதனால் காலங்காலமாக இவற்றுக்கு யாரும் தீங்கு செய்வதில்லை. மான்களுக்கென்றே விற்கும் அரிசித்தவிட்டு பிஸ்கெட்டைக் கையில் எடுத்தால் தலையைக் குனிந்து குனிந்து வணங்குகின்றன. கொடுக்கத் தாமதித்தால் மரியாதையெல்லாம் போய்விடும். ஒரு மான் அம்மாவின் முந்தானையைக் கடித்து இழுத்தது. ஓரப்பார்வை இல்லாததால் அது வந்ததே அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி வாட்சைப் பார்த்தான். "பதினைஞ்சு நிமிஷம் லேட்."

தோதாய்ஜியின் தெற்கு வாசலுக்கு வந்தோம். நன்தாய்மோன் என்று பெயர். 1199-ல் திரும்பக் கட்டியது. இரண்டு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான துவாரபாலகர்கள், மரத்தில். 1203-ல் உன்கேய், காய்கேய் என்ற புகழ்பெற்ற சிற்பிகளும் அவர்கள் குழுவும் சேர்ந்து 69 நாளில் செய்து முடித்தவை. ஒருவர் வாயைத் திறந்திருப்பார், இன்னொருவர் மூடியிருப்பார். சம்ஸ்கிருத எழுத்து வரிசையின் முதல் ஒலியும் கடைசி ஒலியும் அவை.

தம்பி இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டே நடந்தான். திரும்பிப் பார்த்தால் அம்மா வரவில்லை. வாசல் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"கால் வலிக்குதாம்மா?"

"கால் இல்லடா. கும்பகோணத்துல ஒரே நாள்ல நவக்கிரகமும் காட்டற பஸ்ல போனோமே, ஞாபகம் இருக்கா? காலம்பற அஞ்சரைக்கு ஏத்தி ராத்திரி இறக்கிவிட்டான். எந்தக் கோயில்ல கேது, எந்தக் கோயில்ல ராகுன்னு இன்னிவரைக்கும் எனக்குக் குழப்பம். கடைசில ஞாபகம் இருந்தது பஸ் சீட்டு மட்டும்தான்."

தம்பி பேசவில்லை.

"எனக்குக் கண்ணு கொஞ்ச நாள்தான்னு நீ அவசரப்படறே. எனக்கும் தெரியும்டா. அதனாலதான் சொல்றேன், மெதுவா காட்டு."

தம்பி போனைப் பைக்குள் வைத்தான். அன்று சாயங்காலம் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

துண்டு துண்டாகப் பார்த்த புத்தர்

பெரிய புத்தர் மண்டபத்துக்குள் போனோம். அகலம் 57 மீட்டர், உயரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 1709-ல் கட்டிய கட்டடம். முதலில் இருந்தது இதைவிட ஒன்றரை மடங்கு அகலமாம். 1180-லும் 1567-லும் போரில் எரிந்துபோனது.

உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெண்கல வைரோசன புத்தர் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் வாசலில் நின்று ஒரு "ஆ!" சொன்னார்கள், போட்டோ எடுத்தார்கள், நகர்ந்தார்கள். அம்மாவால் அப்படி முடியாது. அவள் கண்ணுக்கு முழு உருவம் ஒரே நேரத்தில் அகப்படாது. கீழே தாமரை இதழில் ஆரம்பித்தாள். மடி. இடது கை. அப்புறம் வலது கை.

"அபய ஹஸ்தம்டி!" என்றாள் சத்தமாக.

ஆமாம். வலது கை 'பயப்படாதே' என்கிறது. இடது கை 'வாங்கிக்கொள்' என்கிறது. நம் ஊர்ப் பெருமாளின் அதே அபயமும் வரதமும். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. எனக்கு முழுசாகத் தெரிந்ததால் எதுவுமே தெரியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கை அங்கே ஏன் வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 735 முதல் 737 வரை ஜப்பானில் பெரியம்மை வந்து ஏராளமான மக்கள் செத்துப்போனார்கள். பஞ்சம், கலகம் வேறு. ஷோமு என்ற பேரரசர் 743-ல் இந்தச் சிலையைச் செய்ய ஆணையிட்டார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்பினாலும் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருந்தார். நம் ஊர்த் திருப்பணியில் ஒரு செங்கல்லுக்கு மட்டும் பணம் கொடுப்பவர்கள் இருப்பார்களே, அதுபோல. அம்மை வந்த நாட்டுக்கு அபயக் கை.

752-ல் சிலைக்குக் கண் திறந்தார்கள். நம் ஊரிலும் ஸ்தபதி எல்லாம் முடித்துக் கடைசியில்தானே கண் திறப்பார்! அந்தப் பெரிய விழாவில் தூரிகை பிடித்துக் கண் திறந்தவர் நம் நாட்டுத் துறவி, போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன. சீனா வழியாக 736-ல் ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். அந்தத் தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாருமே கண் திறந்த புண்ணியம் பெற. தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கோயில் எரிந்து, சிலையைச் சரிசெய்து 1185-ல் மறுபடி கண் திறந்தபோது அதே தூரிகையைத்தான் எடுத்தார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கயித்தையாவது பிடிச்சுக்கணும்னு நினைச்சாங்க பாரு" என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

இந்தப் புத்தரே ஒட்டுப்போட்டவர்தான். பீடத்தின் தாமரை இதழ்களில் சில அந்தப் பழைய காலத்தவை. தலை பதினேழாம் நூற்றாண்டில் புதிதாக வைத்தது. 855-ல் நிலநடுக்கத்தில் ஒரு தடவை தலையே கீழே விழுந்திருக்கிறது. "அவருக்கே பார்ட் பார்ட்டாதான் உடம்பு. நான் பார்ட் பார்ட்டா பாத்தா என்ன?" என்று சிரித்தாள் அம்மா.

தம்பியின் பட்டியலில் இந்த இடத்துக்கு 45 நிமிடம். நாங்கள் இருந்தது இரண்டரை மணி நேரம்.

முட்டி வைத்தியர்

மண்டபத்துக்கு வெளியே, வாசலின் வலது பக்கம் சிவப்புக் குல்லாவும் சிவப்புப் போர்வையுமாக ஒரு மரச்சிலை. பின்சுரு என்று பெயர். பிண்டோல பாரத்வாஜர் என்ற இந்திய அரஹந்தரின் ஜப்பானியப் பெயர் அது. சித்து வேலை காட்டிப் பெருமையடித்ததால் உள்ளே இடமில்லாமல் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள் என்று கதை. நமக்கு உடம்பில் எங்கே நோவோ, சிலையில் அந்த இடத்தைத் தொட்டு, பிறகு நம் உடம்பில் அதே இடத்தைத் தடவிக்கொண்டால் சரியாகும் என்று நம்பிக்கை.

தம்பி உடனே அம்மாவின் கையைப் பிடித்துச் சிலையின் கண் பக்கம் உயர்த்தப் பார்த்தான். எட்டவில்லை. அம்மா கையை விடுவித்துக்கொண்டு சிலையின் முட்டியைத் தடவினாள். தன் முட்டியையும் தடவிக்கொண்டாள்.

"அம்மா, கண்ணும்மா!"

"கண்ணுக்கு டாக்டர் இருக்கார், சொட்டு மருந்து இருக்கு. முட்டியைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த ஜப்பானியப் பாட்டியும் சேர்ந்து சிரித்தார். பாஷை தேவைப்படவில்லை. அவரும் முட்டியைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

இருட்டில் ஒரு கார்த்திகை

அடுத்து கசுகா தைஷா. இங்கே ஒரு சின்ன விளக்கம். பெயர் 'ஜி' என்று முடிந்தால் அது பௌத்தக் கோயில். 'தைஷா', 'ஜின்ஜா', 'ஜிங்கு' என்று வந்தால் ஷின்டோ கோயில். ஷின்டோ கோயிலில் நுழையும்போது தோரி என்ற தோரணவாசல் இருக்கும். உள்ளே சிலை காட்ட மாட்டார்கள். 1868-ல் அரசாங்கம் பிரிக்கச் சொல்லும் வரை இரண்டும் நெருங்கிப் பழகியவைதான். கசுகாவும் கோஃபுகுஜியும் பல நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்தே இருந்தன.

கசுகா 768-ல் அமைந்தது. சுமார் இருபது வருடத்துக்கு ஒரு முறை சன்னதியைப் புதுப்பிக்கிறார்கள். 2016-ல் முடிந்தது அறுபதாவது தடவை. நம் கும்பாபிஷேகத்தை நினைத்துக்கொண்டேன்.

வழி நெடுக மரங்களுக்கு நடுவே கல்விளக்குகள். கல்லில் சுமார் 2,000, தொங்கும் உலோக விளக்குகள் சுமார் 1,000. பக்தர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வேண்டிக்கொண்டு வைத்தவை. பிப்ரவரி தொடக்கத்திலும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். அம்மா ஒரு கல்விளக்கின் அடியில் படர்ந்திருந்த பாசியை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். "பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கு."

சன்னதி முன்னால் இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, கடைசியில் ஒரு தடவை குனிய வேண்டும். கைதட்டல் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சண்டிகேஸ்வரர் சன்னதி மாதிரி!" என்றாள். (ஆனால் பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது. கைகூப்பினால் போதும்.)

உள்ளே ஃபுஜினாமி-நோ-யா என்று ஓர் இருட்டறை. விளக்குத் திருநாளில் வர முடியாதவர்களுக்காக எப்போதும் விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். குளுக்கோமாக்காரர்களுக்கு இருட்டு பெரிய எதிரி. வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்த பிடியில் பயம் தெரிந்தது. "வேண்டாம்னா விட்டுடலாம்மா" என்றேன். ஒரு நிமிடம் நின்று, பிறகு அவளே முதலில் காலை எடுத்து வைத்தாள்.

உள்ளே விளக்கைத் தவிர எதுவுமே இல்லை. சுவர் தெரியாது, ஓரம் தெரியாது. எனக்கும்தான் தெரியவில்லை. அந்த ஒரு அறையில் நாங்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி பார்த்தோம்.

"கார்த்திகை மாசம்தானே இப்போ?" என்றாள் அம்மா.

தமிழ்த் தேதி எனக்கு நினைவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டோம். மான் ஒன்று வந்து மோந்து பார்த்து, தும்மிவிட்டுப் போனது. காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையையும் ஒன்று விடாமல் பைக்குள் வைத்தோம். பிளாஸ்டிக் விழுங்கி நாரா மான்கள் செத்த செய்தி அந்த வருடம்தான் வந்திருந்தது.

பார்வை போன துறவி

மணி இரண்டு தாண்டிவிட்டது. பட்டியலில் பாக்கி நான்கு. "ஒண்ணே ஒண்ணு போலாம்மா, நீயே சொல்லு" என்றான் தம்பி. அம்மா கேட்டது ஒன்றுதான். "எங்க கூட்டம் கம்மி?"

ரயில் மாறி நிஷினோக்யோ ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தோம். தோஷோதாய்ஜி. 759-ல் இதை நிறுவியவர் கன்ஜின் என்ற சீனத் துறவி. ஜப்பானில் துறவிகளுக்கு முறைப்படி தீட்சை கொடுக்க ஆள் இல்லை, நீங்கள் வர வேண்டும் என்று 742-ல் ஜப்பானியத் துறவிகள் போய் அழைத்தார்கள். கிளம்பினார். புயல், கப்பல் சேதம், காட்டிக்கொடுப்பு, கைது என்று ஐந்து தடவை தோற்றார். அந்த அலைச்சலில் பார்வையும் போயிற்று. ஆறாவது தடவை, 753-ல், 65 வயதுக்கு மேல் ஜப்பான் மண்ணில் கால் வைத்தார்.

மறுவருடம் அவர் நாரா வந்து சேர்ந்தபோது போய்ப் பார்த்து நலம் விசாரித்தவர்களில் நம் போதிசேனரும் ஒருவர். பெரிய புத்தருக்குக் கண் திறந்த கை, கண் இழந்தவரை வரவேற்றிருக்கிறது.

கன்ஜினின் அசல் சிலை வருடத்தில் ஜூன் மாதம் சில நாள்தான் பார்வைக்கு. மற்ற நாட்களில் அதேபோல் செய்த பிரதிச் சிலையைப் பார்க்கலாம். மூடிய கண்கள். ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது போன்ற முகம். அம்மா அதன் முன்னால் நின்று, "கண்ணு தெரியாம அப்புறம் என்ன பண்ணினார்?" என்று கேட்டாள்.

தம்பி தயாராக வைத்திருந்தது போலச் சொன்னான். அங்கே படியெடுத்த சாஸ்திர நூல்களில் பிழை இருந்தால், வாசிக்கக் கேட்டே நினைவிலிருந்து திருத்துவாராம். மருந்துச் சரக்கில் எது அசல், எது போலி என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாராம். ஜப்பானின் பழைய வரலாற்று நூலிலேயே இது இருக்கிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலைக் கைப்பையில் போட்டு வைத்துக்கொண்டது போல இருந்தாள்.

பொன்மண்டபம் எட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். அந்தப் பெரிய தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்திருக்கின்றன. உள்ளே ஆயிரம் கைக் கன்னோன் சிலை. இப்போது 953 கைகள் இருக்கின்றனவாம். முன்னால் இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள். ஜப்பானியப் பெயர் போன்தென், தாய்ஷாகுதென். நம் பிரம்மாவும் இந்திரனும்தான். "இவ்வளவு தூரம் நடந்தா வந்தாங்க?" என்றாள் அம்மா.

கடைசியில் கன்ஜின் சமாதிக்குப் போனோம். மரங்களும் பாசியும் நிறைந்த சின்னத் தோட்டம். யாரும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இலை விழும் சத்தம் கேட்டது. மூடும் நேரம் என்று ஒரு பெரியவர் வந்து தலைகுனிந்து சொன்ன பிறகுதான் எழுந்தோம்.

போகிறவர்களுக்கு

* காலையில் முதல் வேலையாகத் தோதாய்ஜி. பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஏழரைக்கும், மற்ற மாதங்களில் எட்டுக்கும் திறக்கும். சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் பார்த்துவிடலாம். நாங்கள் போனபோது கட்டணம் 600 யென். இப்போது 800.
* மார்ச் கடைசி செர்ரி பூக்கும் காலம். கூட்டம் இருக்கும். சனி, ஞாயிறைத் தவிருங்கள்.
* முட்டிவலிக்காரர்கள் ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை பஸ் ஏறலாம். கசுகாவில் சரளைக்கல் பாதையும் ஏற்றமும் உண்டு. கழற்றி மாட்ட எளிதான, ஆனால் வழுக்காத காலணி நல்லது.
* சர்க்கரைக்காரர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சைவர்கள் கட்டாயம் சாப்பாடு கொண்டுபோகவும். அங்கே காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு இருக்கும்.
* குப்பைத்தொட்டி அபூர்வம். ஒரு பை எடுத்துப்போங்கள்.
* கோயில் முத்திரைக்கென்றே கோஷுயின் நோட்டு விற்கிறார்கள். சில நூறு யென் காணிக்கைக்கு முத்திரை வைத்து, தூரிகையால் கோயில் பெயரும் தேதியும் எழுதித் தருவார்கள். இதைவிட நல்ல நினைவுப்பொருள் இல்லை.
* இன்னொன்று, இது ஜப்பானுக்கு மட்டுமல்ல. நாற்பது தாண்டியவர்கள், அதிலும் வீட்டில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். வலி எதுவும் இல்லாமலே வரும். அம்மாவுக்குத் தெரிந்தபோது பாதி போயிருந்தது.

இப்போது

அம்மாவுக்கு இப்போது 74. மருந்தை ஒரு வேளைகூட விட்டதில்லை. அப்படியும் குழாய் இன்னும் ஒடுங்கிவிட்டது. வெளிச்சமும் நேர் எதிரே இருப்பதும் கொஞ்சம் தெரிகிறது. அன்று எடுத்த 300 போட்டோக்களை அவளால் பார்க்க முடியாது. ஆனால் நாராவைப் பற்றி எங்களில் நன்றாகச் சொல்பவள் அவள்தான். பாசி பூனைக்குட்டி முதுகு மாதிரி இருந்தது, கைதட்டினால் மரக்கூரை திருப்பித் தட்டியது, சமாதியில் இலை விழுந்தது, இருட்டறையில் விளக்கு மட்டும் இருந்தது. பேரன் பேத்திகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

கோஷுயின் நோட்டு பீரோவில் இருக்கிறது. மூன்று பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. மீதி காலி. ஏழும் பார்த்திருக்கலாமோ என்ற உறுத்தல் தம்பிக்கு இன்னும் உண்டு. போனில் ஒரு தடவை அதைச் சொன்னபோது அம்மா கேட்டாள்: "ஏழும் பாத்திருந்தா எதைடா ஞாபகம் வச்சிருப்பேன்?"

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

இதை எழுதி முடிக்கும்போது சமையலறையில் அம்மா டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சீரகத்தைத் தனியே வைத்தாள், சோம்பைத் தனியே வைத்தாள். போன வாரம் மளிகைக்காரர் கொடுத்த பெருங்காயத்தை மூக்கருகே கொண்டுபோய், "இது கலப்படம். திருப்பிக் கொடு" என்றாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"கன்ஜின் வேலை" என்றாள்.

சகோதரிக்கு என் பதில் இதுதான்: மூன்று. முட்டி வலித்தால் இரண்டு. பின்சுருவைப் பார்த்தால் அம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள்.